சோலோ மேயர் போட்ட 54 பந்தி

தலைவர் அவர்களே, பணி ஓய்வுக்குப் பின்னும் நம் கூட்டங்களுக்குத் தவறாமல் வரும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, சொன்ன நேரத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் வார்டு உறுப்பினர் அம்மா அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த அண்ணாச்சி அவர்களே, கடையை எடுத்துவைத்துவிட்டு வந்திருக்கும் பூக்கடை, பழக்கடை, பழைய சாமான் கடைச் சொந்தங்களே, வணக்கம். போன கூட்டத்தில் பொருளாளர் பெயரை விட்டுவிட்டு ஒரு வாரம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பொருளாளர் அவர்களே, உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

இந்தோனேசியாக்காரர் ஜோகோ விடோடோ மேயரானது எப்படி, மேயராக என்ன செய்தார், அந்தப் பதவி அவரை எங்கே கொண்டுபோய் விட்டது என்று மூன்று தலைப்பு நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். மூன்றையும் பேசிவிடுகிறேன்.

இந்தோனேசியாவில் ஜாவாத் தீவின் நடுவில் சுராகர்த்தா என்று ஓர் ஊர். ஊர்க்காரர்களுக்கு அது சோலோ. 44 சதுர கிலோமீட்டர், ஐந்து லட்சம் சனம். அரண்மனையும் பாத்திக் துணியும் உள்ள ஊர்தான், ஆனால் கோபக்கார ஊர். 1998 கலவரத்தில் கடைகள் எரிந்தன. மறு வருஷம் நகராட்சிக் கட்டடத்தையே கொளுத்திவிட்டார்கள். அந்த ஊரின் ஆற்றங்கரைக் குடிசைப் பகுதியில் வளர்ந்தவர் ஜோகோ விடோடோ, சுருக்கமாக ஜோகோவி. அப்பா மரமும் மூங்கிலும் விற்றவர். இடத்தைக் காலி செய் என்று விரட்டப்பட்ட குடும்பம். வனவியல் படித்தார், நாற்காலி மேசை செய்து வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தார். 2005-ல் மக்களே நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுத்த முதல் தேர்தலில் 37 சதவீதத்தைக்கூடத் தொடாமல் ஜெயித்தார். அலை கிலை எல்லாம் கிடையாது.

எங்கள் அப்பத்தா சொல்லும்: ஆடுகிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுகிற மாட்டைப் பாடிக் கறக்கணும். இதை மனசில் வைத்துக்கொண்டு பஞ்சர்சாரி பூங்காவுக்கு வாருங்கள்.

சுதந்திரப் போர் நினைவுச்சின்னம் இருக்கும் பூங்கா அது. அதைச் சுற்றி 989 வியாபாரிகள் கடை போட்டிருந்தார்கள். எல்லாம் பழைய சாமான், உதிரி பாகம். முன்பு இருந்த மேயர்களும் எழுப்பப் பார்த்தார்கள். எழுப்பினால் நகராட்சியைக் கொளுத்துவோம் என்று பதில் வந்தது. கொளுத்திக் காட்டிய ஊர் என்பதை மறந்துவிடாதீர்கள்! புது மேயர் என்ன செய்தார்? புல்டோசர் அனுப்பவில்லை, போலீஸ் அனுப்பவில்லை. வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள் என்று ஆள் அனுப்பினார். லோஜி கண்ட்ருங் என்று மேயருக்கு டச்சுக்காரன் காலத்துப் பங்களா ஒன்று உண்டு. வந்தவர்கள் சண்டைக்குத் தயாராகத்தான் வந்தார்கள். சோறு வந்தது. சாப்பிட்டார்கள். மேயர் கடை பற்றிப் பேசவே இல்லை! கை கழுவிவிட்டுப் போனார்கள். மறுபடி அழைப்பு, மறுபடி சோறு, மறுபடியும் பேச்சில்லை. பத்து, இருபது, முப்பது... நம் வீட்டில் ஒரு மாமன் நாலு தடவை சும்மா வந்து சாப்பிட்டுப் போனாலே ஐந்தாவது தடவை, ‘என்ன மாமா விஷயம்?’ என்று கேட்டுவிடுவோம். இந்த மனிதர் 54 தடவை பந்தி போட்டார். 54-வது பந்தியில்தான், உங்களை இடம் மாற்றப் போகிறேன் என்று வாய் திறந்தார். யாரும் எழுந்து கத்தவில்லை. உப்பிட்டவர் வீட்டில் எப்படிக் கத்துவது?

வியாபாரிகள் ஏமாந்தவர்கள் என்று நினைக்காதீர்கள். புது இடத்துக்கு வாடிக்கையாளர் வருவாரா என்று பிடித்துக்கொண்டார்கள். கடைக்குக் காசு வாங்காமல், பஸ் தடத்தை நீட்டி, சாலையை அகலப்படுத்தி, உள்ளூர் டிவியில் விளம்பரமும் கொடுக்கச் சம்மதித்தார் மேயர். 2006 ஜூலையில் நோட்டோஹார்ஜோ சந்தைக்குக் குடிபோனார்கள். எப்படி? அரண்மனைக் காவலர் உடையில் ஆட்கள் முன்னே நடக்க, ஊர்வலமாக! லாரியில் அள்ளிப் போடப்பட்ட தள்ளுவண்டிகளைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். பாடுகிற மாட்டைப் பாடிக் கறப்பது என்றால் அதுதான்.

2010-ல் மறுபடி நின்றார். 90 சதவீதம். பழைய ஐஸ் ஃபாக்டரி இருந்த இடத்தில் மால் கட்ட மாகாண ஆளுநர் விரும்பியபோது, சந்தை வியாபாரிகள் பக்கம் நின்று மறுத்தவர் இவர்.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார். சரி, மூன்றாவது தலைப்பு அவ்வளவுதான்: 2012-ல் ஜகார்த்தா ஆளுநர், 2014-லிருந்து பத்து வருஷம் நாட்டின் அதிபர். மகன் 2021-ல் அதே சோலோவில் மேயர், 2024-ல் துணை அதிபர். அந்தப் பகுதியில் எனக்குக் கசப்பு நிறைய. அதற்குத் தனிக் கூட்டம் போடுங்கள், பேசுகிறேன்.

நான் வந்த வேலை வேறு. தெருவோர வியாபாரிகளுக்கு 2014-லேயே இந்திய நாடாளுமன்றம் சட்டம் போட்டுவிட்டது. தெருவோரக் கடைகள் பற்றிப் பேசி முடிவெடுக்கும் நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40 பேராவது வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும் என்கிறது அது. 54 பந்தி நாம் கேட்கவில்லை. குழுவைக் கூட்டி ஒரு டீ கொடுங்கள், போதும். ஆடவும் வேண்டாம், பாடவும் வேண்டாம், மாட்டின் பக்கத்திலாவது வந்து நில்லுங்கள் ஐயா!

மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போட வராதவர்களுக்கு ஸ்டாம்ப் பேடு வைத்திருக்கிறோம். பொருளாளர் அங்கேதான் நிற்பார்.