கார்க்கில் ஒரு படுக்கை, சுற்றிலும் நான்கு ஊர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

அயர்லாந்துக்குப் போகிறவர்களில் பலர் டப்ளினில் இறங்கி, கையில் இருக்கும் காசை அங்கேயே கரைத்துவிடுகிறார்கள். தெற்கே மூன்று, மூன்றரை மணி நேர பஸ் தூரத்தில் கார்க் இருக்கிறது. அயர்லாந்துக் குடியரசின் இரண்டாவது பெரிய நகரம் அது. நகரின் மையப்பகுதி லீ ஆற்றின் இரண்டு கிளைகளுக்கு நடுவே கிடக்கும் ஒரு தீவு. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தே போய்விடலாம். முதுகில் ஒரு பை, கையில் அளவான பணம் என்று கிளம்புகிறவர்களுக்கு இதைவிடத் தோதான ஊர் அந்த நாட்டில் இல்லை என்பது என் கருத்து.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் முதலில் விசாவைக் கவனிக்க வேண்டும். ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்துக்கு ஷெங்கன் என்று பெயர். அயர்லாந்து அந்த நாடுகளில் ஒன்றல்ல. பிரான்ஸுக்கோ ஜெர்மனிக்கோ எடுத்த விசாவை அங்கே காட்ட முடியாது. ஐரோப்பாவுக்குள் சுற்றிவிட்டு அயர்லாந்து போய், மறுபடி ஷெங்கன் நாடு ஒன்றுக்குத் திரும்புவதென்றால், அந்த ஷெங்கன் விசாவும் பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். இதைத் தாமதமாகக் கண்டுபிடித்தால் விமான டிக்கெட் பணம் அப்படியே போய்விடும்.

அடுத்தது தங்குமிடம். தினமும் ஒரு ஊர் மாறிப் படுப்பதுதான் பயணம் என்று நினைப்பவர்கள் உண்டு. கார்க் பக்கம் அப்படிச் செய்தால் கட்டுப்படியாகாது. பலர் சேர்ந்து படுக்கும் கூடத்தில் ஒரு படுக்கையை மட்டும் வாடகைக்குத் தரும் ஹாஸ்டல், சுற்றியுள்ள சிற்றூர்களில் அரிது. இருப்பவை பெரும்பாலும் வீட்டோடு சேர்ந்த விடுதிகள், அறைக்கு வாடகை. தனியாகப் போகிறவர் இரண்டு பேருக்கான காசைக் கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் கார்க் ஹாஸ்டலில் ஒரே படுக்கையை நான்கைந்து இரவுக்கு எடுத்துவிட்டு, காலையில் போய் இரவில் திரும்புவதே சரி. கூடத்தில் ஒரு படுக்கை சாதாரண நாளில் 25 முதல் 45 யூரோவுக்குள் கிடைக்கும். அக்டோபர் கடைசித் திங்கட்கிழமையையொட்டி வரும் ஜாஸ் திருவிழா வாரத்தில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. மே, ஜூன், ஆகஸ்ட் மாதங்களின் முதல் திங்கட்கிழமை பொது விடுமுறை, அந்த வார இறுதிகளிலும் விலை ஏறும்.

படுக்கையை ஆற்றின் வடகரையில், மெக்கர்ட்டன் தெருவை ஒட்டித் தேடுங்கள். பார்னெல் பிளேஸ் பஸ் நிலையமும் கென்ட் ரயில் நிலையமும் அங்கிருந்து நடக்கும் தூரம்தான். இன்னொரு காரணமும் உண்டு. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் கடல் உயரும் நாளில் தென்கிழக்குக் காற்றும் சேர்ந்துகொண்டால், தீவிலுள்ள தாழ்வான தெருக்களில் தண்ணீர் ஏறும். சவுத் மால், ஆலிவர் பிளங்கெட் தெரு இரண்டும் இதற்குப் பேர்போனவை. வடகரை மேடு. ஆனால் வெள்ளி, சனி இரவுகளில் அந்தப் பக்கம் பப் சத்தம் ஓயாது, காதுக்குப் பஞ்சு தேவைப்படும். பூட்டும் துண்டும் கொண்டு போங்கள், இல்லையென்றால் அதற்கும் வாடகை கேட்பார்கள். மின்சாரத்துக்குப் பிரிட்டனில் இருப்பது போன்ற மூன்று சதுரமுனை பிளக். நம் ஊர் உருண்டைமுனை அதில் நுழையாது, அடாப்டரை இங்கேயே வாங்கிவிடுங்கள்.

சாப்பாட்டில்தான் அதிகம் மிச்சம் பிடிக்கலாம். ஹாஸ்டலில் சமையலறை இருக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள். காலையும் இரவும் அங்கே முடிந்துவிடும். மதியத்துக்கு 1788-இல் தொடங்கிய இங்கிலிஷ் மார்க்கெட் இருக்கிறது. பழுப்புச் சோடா ரொட்டி, ஒரு துண்டுப் பாலாடைக்கட்டி, இரண்டு ஆப்பிள் வாங்கினால் ஒரு வேளை ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். அசைவம் சாப்பிடாதவர்கள் கவனிக்க: காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் அடிச்சாறு கோழி எலும்பில் இறக்கியதாக இருக்கலாம். கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். பாட்டில் வாங்கினால் 2024 பிப்ரவரி முதல் வைப்புத்தொகை உண்டு. அரை லிட்டர் வரை 15 சென்ட், அதற்கு மேல் 25 சென்ட். காலி பாட்டிலை நசுக்காமல் சூப்பர்மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் அந்தப் பணத்துக்குச் சீட்டு வரும். நசுங்கிய பாட்டிலை இயந்திரம் வாங்காது.

மழை அங்கே ஆண்டு முழுக்க உண்டு. காற்றோடு வருவதால் குடை நிற்காது. தலைமூடியுள்ள மழைக்கோட்டும் மழைக் கால்சட்டையும்தான் வேண்டும். இதைச் சிறிய விஷயமாக நினைக்க வேண்டாம். இன்றைய கணினிகளுக்கெல்லாம் அடிப்படையான தர்க்கக் கணிதத்தைத் தந்த ஜார்ஜ் பூல் 1849-இல் கார்க் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தவர். 1864-இல் கொட்டும் மழையில் கல்லூரிக்கு நடந்து போய், நனைந்த உடையோடே பாடம் நடத்தினார். அதைத் தொடர்ந்து வந்த நிமோனியாவில் இறந்துபோனார். அந்தக் கல்லூரிதான் இன்றைய கார்க் பல்கலைக்கழகம். அதன் பழைய கட்டடத்துத் தாழ்வாரத்தில் ஓகம் என்னும் கோட்டெழுத்து பொறித்த கற்கள் வரிசையாக நிற்கின்றன. பார்க்கக் கட்டணம் இல்லை. எலிசபெத் கோட்டைக்கும் ஃபிட்ஸ்ஜெரால்ட் பூங்காவிலுள்ள அருங்காட்சியகத்துக்கும் கட்டணம் இல்லை. ஷாண்டன் மணிக்கோபுரத்துக்குக் காசு உண்டு. ஆனால் கயிறு இழுத்து மணியை நீங்களே அடிக்கலாம் என்பதால் அந்த 132 படிகள் ஏறலாம். அதன் கடிகாரத்துக்கு ஊரார் வைத்த பெயர் ‘நான்கு முகப் பொய்யன்’. நான்கு பக்கமும் நேரம் ஒத்துப்போவதில்லை என்பதால் வந்த பெயர். அதைப் பார்த்து ரயிலுக்குக் கிளம்பாதீர்கள்.

இனி வெளியூர்கள். முதல் வேலையாக ஒரு கடையில் லீப் கார்டு என்னும் பயண அட்டையை வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ளுங்கள். பஸ்ஸிலும் கோவ், மிடில்டன் ரயில்களிலும் ரொக்கத்தைவிடக் குறைவாகக் கழியும். பஸ் தானாக நிற்காது, தூரத்தில் வரும்போதே கையை நீட்ட வேண்டும்.

கோவ் துறைமுக ஊருக்கு ரயிலில் 25 நிமிடம் ஆகும். போகும்போது வலப்பக்க ஜன்னல், திரும்பும்போது இடப்பக்கம். நீர்ப்பரப்பு அந்தப் பக்கம்தான். கோவ் ரயிலும் மிடில்டன் ரயிலும் கிளவுன்தான் என்ற நிலையம் வரை ஒரே தண்டவாளத்தில் போகும். மாறி ஏறிவிட்டால் பதற வேண்டாம், அங்கே இறங்கி மாறிக்கொள்ளலாம். 1912 ஏப்ரல் 11 அன்று டைட்டானிக் கடைசியாக நின்றது இந்த ஊருக்கு வெளியேதான். இங்கிருந்து 123 பேர் ஏறினார்கள். அதற்கும் முன்னும் பின்னுமாக லட்சக்கணக்கான ஐரிஷ் மக்கள் பிழைப்புத் தேடிக் கப்பல் ஏறிய துறை இது. கட்டணக் கண்காட்சிகள் இருக்கின்றன. அவற்றுக்குப் போகாவிட்டாலும், கரையில் நிற்கும் சிலைகளும் மேட்டிலுள்ள புனித கோல்மன் பேராலயமும் சும்மாவே பார்க்கக் கிடைப்பவை. பேராலய மாடத்தில் 49 மணிகள் கொண்ட தொகுதி இருக்கிறது.

கோவுக்குப் போக இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. 1932-இல் மூடப்பட்ட பழைய ரயில் பாதை இப்போது நடைபாதையாகிவிட்டது. கார்க் துறைமுகப் பகுதியில் தொடங்கி, பிளாக்ராக் வழியாக, நீர்க்கரையை ஒட்டியே பாசேஜ் வெஸ்ட் என்ற ஊர் வரை போகிறது. நிதானமாக நடந்தால் மூன்று மணி நேரம். ஊரைத் தாண்டிக் கொஞ்சம் போனால் கிளென்புரூக் துறையில் கார்களை ஏற்றிச் செல்லும் படகு நிற்கும். நடந்து ஏறுபவரிடம் ஓரிரு யூரோதான் வாங்குவார்கள். ஐந்து நிமிடத்தில் மறுகரை சேரும். அங்கே கேரிகலோ ரயில் நிறுத்தம் பக்கத்திலேயே இருக்கிறது. ரயிலேறிக் கோவ் பார்த்துவிட்டு, ரயிலிலேயே கார்க் திரும்பிவிடலாம். ஒரு முழு நாள், ஆன செலவு பத்துப் பதினைந்து யூரோவைத் தாண்டாது. ஒரே நாள்தான் இருக்கிறது என்பவர்களுக்கு இதையே சொல்வேன்.

கின்சேலுக்கு 226-ஆம் எண் பஸ். அது கார்க் விமான நிலையம் வழியாகப் போவது, விமானத்தில் வந்து இறங்குபவர்களுக்கு வசதி. கின்சேல் உணவகங்கள் பேர்பெற்றவை, விலையும் அப்படியே. சோற்று மூட்டையைக் கட்டிக்கொண்டு போவதே மேல். ஊரிலிருந்து ஸ்கில்லி நடைபாதையில் கடலோரமாக முக்கால் மணி நேரம் நடந்தால் சார்லஸ் கோட்டை. 17-ஆம் நூற்றாண்டில் நட்சத்திர வடிவில் கட்டியது. கடைசிக் கொஞ்சத் தூரம் ஏற்றம். மதிலுக்கு மேலே காற்று தள்ளும், குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிளார்னி கோட்டைக்கு 215-ஆம் எண் பஸ் போகும். நுழைவுக் கட்டணம் 20 யூரோவுக்கு மேல். பேச்சுவன்மை வரும் என்று எல்லாரும் முத்தமிடும் கல் கோபுரத்தின் உச்சியில் இருக்கிறது. படிகள் குறுகிய சுழல்படிகள், பெரிய பையோடு ஏற முடியாது. பத்தரை மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிட்டால் வரிசையிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். திறக்கும் நேரத்துக்கே போய், தோட்டங்களில் அரைநாள் செலவிட முடியுமானால் அந்தப் பணத்துக்குத் தகும். கல்லுக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

மிடில்டனில் சனிக்கிழமை காலை உழவர் சந்தை நடக்கும். அங்கிருந்து யோல் என்ற கடற்கரை ஊர் வரை பழைய ரயில் பாதையில் 23 கிலோமீட்டர் நீளத்துக்குப் பசுமைப் பாதை போட்டிருக்கிறார்கள். வாடகைச் சைக்கிளில் ஒரு பக்கம் இரண்டு மணி நேரம். டிசம்பரில் மாலை நாலரை வாக்கில் சூரியன் மறைந்துவிடும். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். சைக்கிளை மிடில்டனிலேயே திருப்பித் தர வேண்டுமென்றால் திரும்பி மிதிக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துப் புறப்படுங்கள். ஞாயிறுகளில் ரயிலும் பஸ்ஸும் குறைவு. கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால் கொடுக்க வேண்டிய டாக்ஸி வாடகை, ஹாஸ்டலில் ஒரு இரவுக்கு ஆகும் காசைவிட அதிகமாகிவிடும்.

நன்றி, வணக்கம்.