மதகு சாத்தும் நேரம்

(காட்சி: காலை. செம்பனை (எண்ணெய்ப் பனை) வரிசைகளுக்கு நடுவே சேற்று நிற வாய்க்கால்.)

வணக்கம். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பந்திங் பக்கத்திலிருந்து லங்காட் ஆற்றைத் தாண்டினால் கேரித் தீவு. அலையாத்திக் காட்டை அழித்து, மண்கரை எழுப்பி, தோட்டமாக்கிய ஊர். கடல் பெருகும் வேளையில், கரைக்கு வெளியே நிற்கும் தண்ணீர் இங்குள்ள பல இடங்களைவிட உயரத்தில் இருக்கும்.

(காட்சி: கரையில் பொருத்திய மதகு.)

மேலே கீலில் தொங்கும் இந்த வகைக் கதவுக்கு மோட்டார் வேண்டாம். கடல் வற்றினால், உள்ளே தேங்கிய மழைநீர் தள்ளித் திறக்கும். பெருகினால், கடலே அழுத்திச் சாத்திவிடும். தினமும் இரண்டு பெருக்கு, இரண்டு வற்று. யார் யோசித்தாரோ, கெட்டிக்காரர்!

1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. ஏறக்குறைய ஒரு சாண். "ஒரு சாணுக்கா இவ்வளவு பேச்சு?" என்று ஒட்டுக்கடையில் தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) ஆற்றுபவர் கேட்கலாம். நியாயம்தான், கரையைத் தாண்ட அது போதாது. ஆனால் மதகு திறந்திருக்கும் நேரத்தைக் குறைக்கப் போதும். பெருமழையும் பெரிய பெருக்கும் ஒரே நாளில் வந்தால், வாய்க்கால் நீர் போக வழியில்லாமல் செம்பனை வேரிலேயே நிற்கும். கிள்ளான் போன்ற நகரங்களின் சாக்கடைக்கும் இதே கதிதான்.

வேகமும் கூடிவிட்டது. 1971 வரை ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டர், 2006 முதல் 2018 வரை 3.7. சூடான நீர் விரிகிறது, நிலத்தின் மேலிருக்கும் பனி உருகிக் கடலில் சேர்கிறது.

(காட்சி: நிலத்தின் குறுக்குவெட்டுப் படம்.)

எனக்கு அதிகக் கவலை தருவது நிலத்துக்கு அடியில் நடப்பது. உப்புநீர் கனமானது, நன்னீர் அதன்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு சாண் நின்றால், கீழே சுமார் நாற்பது சாண் ஆழம்வரை உப்பைத் தள்ளி வைக்கும். வாய்க்கால்களோ நிலத்தடி நீரை மேலே ஏற விடுவதில்லை. கடல் மட்டும் ஏறுகிறது. மேலே ஒரு சாண் குறைந்தால், கீழே உப்பு நாற்பது சாண் மெல்ல மெல்ல ஏறிவரும். வயிற்றெரிச்சலான கணக்கு!

குழாயில் வருவது ஆற்று நீர்தானே என்று நிம்மதி அடையவும் முடியாது. வறட்சியில் ஆறு மெலிந்தால், கனத்த உப்புநீர் அடியோடு அடியாக ஊர்ந்து மேல்நோக்கி வரும்.

(காட்சி: மதகு, மறுபடியும்.)

பெருக்கு தொடங்கிவிட்டது. கதவு சாத்திக்கொண்டது. மேற்கே மழை இருட்டுகிறது. உள்ளே விழும் தண்ணீர் அடுத்த வற்றுவரை இங்கேயேதான் நிற்க வேண்டும்.