குவாட்டர்பேக் பையன் எந்தக் கல்லூரிக்குப் போவது?

நண்பர்களே, வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தில் மற்ற பல இடங்களுக்கு ஆட்கள் மாறி மாறி இறங்குவார்கள். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் மட்டும் ஒருவன்தான். பெரும்பாலும் அவனுக்கு அடிபட்டாலோ, தொடர்ந்து சொதப்பினாலோதான் அடுத்தவன் உள்ளே போக முடியும். கல்லூரி தேடும் பதினேழு வயதுப் பையன் இதை மறக்கக் கூடாது. ஆனால், மறக்கடிக்கத்தான் எல்லா ஏற்பாடும் நடக்கிறது. கல்லூரிச் செலவில் அழைத்துப் போகிறார்கள். அணிச் சட்டையை மாட்டிவிட்டுப் படம் எடுக்கிறார்கள். பெரிய மைதானத்தைச் சுற்றிக் காட்டுகிறார்கள். பையன் கிறங்கிப் போகாமல் என்ன செய்வான்?

ஜோ பரோவைப் பாருங்கள். ஒஹாயோ மாநிலத்தில் வளர்ந்தவர், அப்பாவும் கால்பந்துப் பயிற்சியாளர். 2015-இல் ஒஹாயோ ஸ்டேட் அணியில் சேர்ந்தார். அவருக்கு முன்னால் ஜே.டி. பாரெட் இருந்தார். சரி, அவர் முடித்துப் போனதும் நம் முறைதானே என்று காத்திருந்தார். 2017 ஆகஸ்ட் பயிற்சியில், பந்து எறியும் கையில் எலும்பு முறிந்தது. இரண்டாம் இடம் டுவெய்ன் ஹாஸ்கின்ஸுக்குப் போனது. அந்த நவம்பரில் மிஷிகனுக்கு எதிராக பாரெட் அடிபட்டு வெளியேற, ஹாஸ்கின்ஸ் இறங்கி ஆட்டத்தை வென்று கொடுத்தார். அப்புறம் வரிசை மாறவேயில்லை. மூன்று வருடத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு, 2018-இல் பரோ எல்எஸ்யூவுக்கு, அதாவது லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

அங்கும் முதல் வருடம் சுமார்தான், எறிந்த பந்தில் கிடைத்த டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது) 16தான். 2019-இல் ஜோ பிரேடி என்ற இளம் பயிற்சியாளர் வந்து, பந்தெறியும் ஆட்டத்தையே மாற்றியமைத்தார். அதே பரோ 60 டச்டவுன் எறிந்தார். 15 ஆட்டம், ஒரு தோல்விகூட இல்லை. அந்த வருடத்தின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹெய்ஸ்மன் விருது, தேசியப் பட்டம், தொழில்முறை அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2020 டிராஃப்டில் முதல் ஆள். தன் ஆட்டத்துக்கு ஏற்ற திட்டம் அமைந்ததும் அந்தத் திறமை முழுதாக வெளியே வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அந்தத் திட்டம் போடுகிறவரும் நிலையில்லை. 2021 முடிவில் பயிற்சியாளர் லிங்கன் ரைலி ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தை விட்டு யுஎஸ்சிக்கு (தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) போனார். அவரை நம்பி வந்த குவாட்டர்பேக் கேலப் வில்லியம்ஸும் பின்னாலேயே போய், அடுத்த வருடமே ஹெய்ஸ்மன் வாங்கினார். இன்றைய விதிகள் அதற்கு இடம் கொடுக்கின்றன. முன்பெல்லாம் கல்லூரி மாறினால், பட்டம் வாங்கியிருந்தாலொழிய, பெரும்பாலும் ஒரு வருடம் சும்மா உட்கார வேண்டும்.

பணம்? 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரால் சம்பாதிக்கலாம். 2025 முதல் கல்லூரியே நேரடியாகக் கொடுக்கலாம். இவர்கள் ஆட்டத்தால் எத்தனையோ பேர் சம்பாதித்தார்கள், இவர்களுக்கும் கிடைப்பது நியாயம். ஆனால், முதல் வருடத் தொகையை மட்டும் பார்த்து முடிவெடுத்தால், ஆடாமல் கழிந்த வருடங்களைத் திருப்பி வாங்க முடியாது.

காத்திருப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. புகழ்பெற்ற குவாட்டர்பேக்குகளான பெய்ட்டன், ஈலை மேனிங் இருவரின் அண்ணன் மகன் ஆர்ச் மேனிங், 2023-இல் டெக்சாஸ் அணிக்குப் போய், க்வின் யூவர்ஸுக்குப் பின்னால் இரண்டு வருடம் நின்று, 2025-இல்தான் முதல் இடத்துக்கு வந்தார். முன்னால் யார் என்று தெரிந்தே போனவர் அவர்.

ஆகவே, மைதானம் பார்க்கப் போகும் பையன், ஆட்டத் திட்டம் போடுகிறவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பழைய ஆட்டங்களின் வீடியோவைப் பார்க்கட்டும். இப்போது வரிசையில் யார் யார், அடுத்த வருடம் வேறு கல்லூரியிலிருந்து இன்னொரு குவாட்டர்பேக்கை இறக்கப் போகிறீர்களா என்று நேராகக் கேட்கட்டும். பெற்றோர் பக்கத்தில் இருக்கும்போதே கேட்கட்டும்.