வானம் சொல்வது நேரம் மட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

கார்களில் பொருத்தியிருக்கும் வழிகாட்டிக் கருவியைப் பற்றிப் பேச வேண்டும் என்று புதுச்சேரி வானொலி நிலையத்தார் அழைத்தார்கள். நான் பாலிடெக்னிக்கில் நில அளவை கற்பித்தவன். ஆகவே இந்தக் கருவியை ஓட்டுநரின் கண்ணால் பார்ப்பதைவிட அளவைக்காரனின் கண்ணால் பார்ப்பதே எனக்குப் பழக்கம். அந்தக் கண்ணுக்குக் குறை கொஞ்சம் கூடுதலாகவே தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"செயற்கைக்கோள் தப்பான வழியைக் காட்டிவிட்டது" என்று பலர் சொல்லக் கேட்கிறேன். முதலில் அந்தப் பழியிலிருந்து செயற்கைக்கோளை விடுவிக்க வேண்டும். எந்தச் செயற்கைக்கோளும் யாருக்கும் வழி காட்டியதில்லை. அதற்கு நேரு வீதியும் தெரியாது, இந்திரா காந்தி சதுக்கமும் தெரியாது. அது ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பவை இரண்டே செய்திகள்: இப்போது மணி என்ன, தான் இப்போது விண்ணில் எங்கே இருக்கிறது.

ஒருவகையில் அந்தச் செயற்கைக்கோளும் இந்த வானொலி நிலையமும் ஒரே தொழில் செய்கின்றன. நான் பேசுவதைக் கடலூரில் ஒருவர் கேட்கிறாரா, ஆயிரம் பேர் கேட்கிறார்களா என்பது எனக்குத் தெரியாது. உங்கள் வானொலிப் பெட்டி எனக்குப் பதில் எதுவும் அனுப்புவதில்லை. இடம் அறிய அமெரிக்கா நடத்தும் ஜி.பி.எஸ். அமைப்பின் செயற்கைக்கோளுக்கும் அப்படித்தான். அது ஒலிபரப்புகிறது, உங்கள் காரில் இருக்கும் கருவி வாங்கிக்கொள்கிறது. வாங்கும் வேலைக்கு இணையமும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். "மேலேயிருந்து நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான்" என்று அஞ்சுகிறவர்கள் வானத்தைப் பொறுத்தவரை நிம்மதியாக இருக்கலாம். கைபேசியைப் பொறுத்தவரை அப்படிச் சொல்ல மாட்டேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

புதுச்சேரியிலிருந்து கடலூர் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். இங்கிருந்து புறப்படும் வானொலி அலை, ஒளியின் வேகத்தில் சென்று, அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு வினாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வரும் கூறுகளில் 67 கூறு போதும். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றும் உயரம் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர். ஆயிரம் மடங்கு தூரம், ஆயிரம் மடங்கு நேரம்: தலைக்கு நேர் மேலே இருக்கும் செயற்கைக்கோளின் குரல் நம்மை அடைய ஒரு வினாடியில் ஆயிரத்தில் 67 பங்கு ஆகிறது. "நான் இதைச் சொன்னபோது மணி இது" என்று செயற்கைக்கோள் சொல்கிறது. கேட்ட மணி என்ன என்று கருவி பார்க்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைத்துவிடும்.

கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கு. சங்கடம் கடிகாரத்தில் இருக்கிறது. ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தூரத்தில் 300 மீட்டர் பிசகும். கடற்கரைச் சாலையில் நிற்கும் காரைக் கடலுக்குள் கொண்டுபோய் நிறுத்த அது போதும். செயற்கைக்கோளில் அணுக் கடிகாரம் இருக்கிறது. காரில் இருப்பதோ, நம் கைக்கடிகாரத்தில் உள்ளதைப் போன்ற குவார்ட்ஸ் கடிகாரம். அணுக் கடிகாரம் வைத்தால் கருவியின் விலை பல மடங்கு ஏறிவிடும்.

இதற்குக் கண்டுபிடித்த வழி, என் பார்வையில், முழு ஏற்பாட்டிலும் மிக அழகானது. அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் என்று நமக்குத் தெரியாத எண்கள் மூன்று. கருவியின் கடிகாரம் எவ்வளவு பிசகியிருக்கிறது என்பதையும் தெரியாத நான்காவது எண்ணாக வைத்துக்கொண்டார்கள். தெரியாதவை நான்கு என்றால் சமன்பாடுகள் நான்கு வேண்டும். செயற்கைக்கோள்கள் நான்கு வேண்டும். நான்கின் குரலும் கேட்டுவிட்டால் கணக்கைத் தீர்க்கும்போதே இடமும் தெரியும், சரியான நேரமும் தெரியும். மலிவான கடிகாரத்தை வானத்தை வைத்தே திருத்திக்கொள்கிறது கருவி. திறந்த வெளியில் நான்கென்ன, எட்டுப் பத்துச் செயற்கைக்கோள்களாவது ஒரே நேரத்தில் கேட்கும்.

அவை அத்தனையும் ஒரே அலைவரிசையில், 1575.42 மெகாஹெர்ட்ஸில், பேசுகின்றன. இரண்டு வானொலி நிலையங்கள் அப்படிச் செய்தால் உங்கள் காதில் இரைச்சல்தான் விழும். இங்கே ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் தனியான குறிவரிசை உண்டு: பூஜ்யமும் ஒன்றுமாக 1023 இலக்கம். ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் அந்த வரிசை முழுவதும் வந்து முடிந்து, மறுபடி தொடங்கும். கருவி அதே வரிசையைத் தனக்குள் உருவாக்கி, வருகிற குரலோடு வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்க்கும். எங்கே அச்சாகப் பொருந்துகிறதோ அந்த நகர்விலிருந்து பயண நேரம் கிடைக்கும். தரைக்கு வந்து சேரும்போது அந்த அலை பின்னணி இரைச்சலைவிடவும் மெலிந்திருக்கிறது. வரிசை முன்பே தெரிந்திருப்பதால்தான் அதைப் பிரித்தெடுக்க முடிகிறது.

அந்தக் குறிவரிசையோடு சேர்ந்து வரும் செய்தியின் வேகமோ மிகக் குறைவு: வினாடிக்கு 50 பிட், அதாவது ஐம்பதே இலக்கம். ஒரு செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தைச் சொல்லி முடிக்க அரை நிமிடம் வேண்டும். எல்லாச் செயற்கைக்கோள்களின் அட்டவணையையும் சொல்லி முடிக்கப் பன்னிரண்டரை நிமிடம். பல நாள் ஷெட்டில் நின்ற காரை எடுத்தவுடன் கருவி சிறிது நேரம் திகைத்து நிற்பதற்குக் காரணம் இதுதான். கைபேசி அந்த அட்டவணையை இணையம் வழியாக முன்கூட்டியே வாங்கிக்கொள்வதால் அது முந்திக்கொள்கிறது.

இன்னொரு விசித்திரம். ஐன்ஸ்டைனின் கோட்பாட்டின்படி, வேகமாகப் பயணிக்கும் கடிகாரம் மெதுவாக நடக்கும். ஈர்ப்பு குறைந்த உயரத்தில் உள்ள கடிகாரம் விரைவாக நடக்கும். ஜி.பி.எஸ். கடிகாரங்கள் முதல் காரணத்தால் நாளொன்றுக்கு 7 மைக்ரோ வினாடி, அதாவது ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் 7 பங்கு, பின்தங்குகின்றன. இரண்டாவது காரணத்தால் 45 மைக்ரோ வினாடி முந்துகின்றன. கழித்தால், 38 மைக்ரோ வினாடி முந்துகின்றன. திருத்தாமல் விட்டால் தூரக் கணக்கில் நாளுக்கு 11 கிலோமீட்டர் பிழை சேரும். அதனால் ஏவும் முன்பே கடிகாரங்களை அந்த அளவுக்கு மெதுவாக நடக்கும்படி வைத்துவிடுகிறார்கள்.

இடம் அறிவதற்கு நேரம் வேண்டும் என்ற பாடத்தைப் புதுச்சேரிக்காரர்கள் எல்லோருக்கும் முன்பே கேட்டிருக்க வேண்டியவர்கள். 1761ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதை இங்கிருந்து அளப்பதற்காகப் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தீல் கப்பலேறினார். அவர் வந்து சேருவதற்குள் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துவிட்டார்கள். கப்பல் திரும்பியது. குறித்த நாளில் அவர் நடுக்கடலில் இருந்தார். வானம் தெளிவாக இருந்தது, வெள்ளியும் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் ஆடும் கப்பலில் ஊசல் கடிகாரம் நடக்காது, தீர்க்கரேகையும் நிச்சயமில்லை. எங்கே நின்று, எத்தனை மணிக்குப் பார்த்தோம் என்று சொல்ல முடியாத அளவீட்டை யார் ஏற்பார்கள்? அடுத்த முறைக்கு எட்டு ஆண்டு காத்திருந்தார். 1768இல் புதுச்சேரிக்கே வந்து வானோக்கு நிலையம் அமைத்தார். 1769 ஜூன் 4 காலையில் மேகம் மூடிக்கொண்டது. காத்திருந்த நாட்களில் நம் ஊர்த் தமிழர்கள் கிரகணம் கணிக்கும் முறையை அவர் கேட்டறிந்து பதிவு செய்தார் என்பது நமக்குக் கிடைத்த லாபம்.

அவர் காலத்தில் சூரியனை வைத்துத் தீர்க்கரேகை கணக்கிடும்போது கடிகாரம் ஒரு வினாடி பிசகினால் நம் பகுதியில் 450 மீட்டர் தவறும். இன்று செயற்கைக்கோளின் கடிகாரம் அப்படி ஒரு வினாடி பிசகினால் கார் நிலவுக்குப் போகும் தூரத்தில் முக்கால் பங்கைத் தாண்டிவிடும். துல்லியம் ஏற ஏறக் கடிகாரத்தின் மீதான பாரமும் ஏறிக்கொண்டே போயிருக்கிறது.

நம் நாட்டின் சொந்த வழிகாட்டிச் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக்கும் இதை நன்றாகவே அனுபவித்திருக்கிறது. 2013 முதல் 2016 வரை ஏழு செயற்கைக்கோள்களை இஸ்ரோ ஏவியது. இறக்குமதியான ருபீடியம் அணுக் கடிகாரங்கள் சில செயலிழந்தன. கடிகாரம் போன வழிகாட்டிச் செயற்கைக்கோள் சுற்றிக்கொண்டிருக்கலாமே தவிர வழிகாட்டலுக்கு உதவாது. 2023 மே 29இல் ஏவப்பட்ட என்.வி.எஸ்.-01, இந்தியாவிலேயே செய்த ருபீடியம் கடிகாரத்தைச் சுமந்து சென்றது. 2025 ஜனவரி 29இல், ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ஏவுதலில், என்.வி.எஸ்.-02 போனது. ராக்கெட் தன் வேலையைச் செய்தது. செயற்கைக்கோளில் ஒரு வால்வு திறக்காததால் அது உரிய பாதைக்கு உயர முடியவில்லை.

தென்னிந்தியாவுக்கென்றே ஒரு தொல்லையும் உண்டு. புவியின் காந்த நடுக்கோடு நம் தீபகற்பத்தின் தென்முனைப் பக்கம் செல்கிறது. ராக்கெட் தளத்துக்குக் கேரளத்தின் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான். இந்தப் பகுதிக்கு மேலே, காற்று மண்டலத்தின் உச்சியில் மின்னூட்டம் பெற்ற துகள்கள் நிறைந்த அயனி மண்டலம் அடங்காத பிள்ளை. அலையைத் தாமதப்படுத்தும், சில நாட்களில் பொழுது சாய்ந்த பிறகு அலையை நடுங்கவும் வைக்கும். முன்பு சொன்ன அலைவரிசையோடு இன்னொன்றிலும் வாங்கும் கருவிகள் இந்தத் தாமதத்தைக் கணக்கிட்டுக் கழித்துவிடும்.

இதுவரை சொன்னதில் சாலை என்ற ஒன்று வரவே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வானம் கொடுத்தது ஒரு புள்ளி. அதிலும் சில மீட்டர் சந்தேகம் உண்டு. 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்க அரசு வேண்டுமென்றே குழப்பம் கலந்து வைத்திருந்ததால் அந்தச் சந்தேகம் 100 மீட்டர் வரை இருந்தது. அந்தக் காலத்திலும் கார்களில் வழிகாட்டி இருந்தது. ஹோண்டா நிறுவனம் 1981இல் செயற்கைக்கோளே இல்லாமல், கார் திரும்புவதை உணரும் கைரோஸ்கோப்பையும் சக்கரச் சுழற்சியையும் வைத்து ஒன்றைக் கொண்டுவந்தது; ஒளிபுகும் தாளில் அச்சிட்ட வரைபடத்தைத் திரை மேல் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த உத்தி இன்னும் கைவிடப்படவில்லை. கடலூர் லாரன்ஸ் ரோடு சுரங்கப்பாதைக்குள் இறங்கும்போது வானம் மறைந்தாலும் திரையில் கார் நகர்கிறதென்றால், சக்கரமும் கைரோஸ்கோப்பும் சேர்ந்து ஊகித்துக்கொண்டிருக்கின்றன என்று பொருள்.

பிறகு அந்தப் புள்ளியைச் சாலையோடு ஒட்டுகிறார்கள். கார் வயலில் ஓடாது, வாய்க்காலிலும் ஓடாது என்ற நம்பிக்கையில், அருகில் உள்ள சாலையின் மேல் புள்ளியை இழுத்து வைத்துவிடுகிறது கருவி. நான்குவழிச் சாலையும் அதன் சர்வீஸ் ரோடும் ஒட்டியே ஓடுமிடத்தில், மேம்பாலத்தின் மேலும் கீழும் சாலை போகுமிடத்தில், இந்த ஊகம் தடுமாறும். நீங்கள் அரும்பார்த்தபுரம் பாலத்தின் மேலே இருப்பீர்கள்; கருவி கீழே திரும்பச் சொல்லும்.

வழி கண்டுபிடிப்பது தனி வேலை. சந்திப்புகளைப் புள்ளிகளாகவும் சாலைகளைக் கோடுகளாகவும் வைத்து, ஒவ்வொரு கோட்டுக்கும் இத்தனை நிமிடம் என்று மதிப்புப் போட்டு, மொத்தம் குறைந்த பாதையைத் தேடுவது. இதற்கான அடிப்படை முறையை டச்சுக் கணிதவியலாளர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்டார். முறையில் பிழையில்லை, போட்ட மதிப்பு எவ்வளவு சரியோ விடையும் அவ்வளவு சரி. வில்லியனூரிலிருந்து கடலூருக்குப் பாகூர்ப் பக்கம் சுருக்கு வழி என்று கருவி சொல்லும். அறுவடைக் காலத்தில் அந்தக் கிராமச் சாலையில் பாதியை நெல் அடைத்துக் காய்ந்துகொண்டிருந்தால் அது கணக்கில் வராது. கடற்கரைச் சாலை மாலையில் வாகனங்களுக்கு மூடப்படுவதும், ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சந்தையாகிவிடுவதும், ஒருவழி வீதிகள் எந்தத் திசை என்பதும் மனிதர்கள் வரைபடத்தில் எழுதி வைத்தால்தான் உண்டு.

நெரிசலைச் சிவப்பாகக் காட்டுகிறதே, அது எப்படி? சாலையில் போகும் கைபேசிகள் தங்கள் இடத்தையும் வேகத்தையும் வரைபட நிறுவனத்துக்கு அனுப்பிக்கொண்டே போகின்றன. பிறகு சொல்கிறேன் என்று முன்பு விட்டுவைத்தது இதைத்தான். உங்களைப் பின்தொடர்வது உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. அதை நிறுத்திவைக்கக் கைபேசியில் வசதி உண்டு, பயன்படுத்துகிறவர்கள் குறைவு.

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை பெருகியபோது, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் சாலைகள் தண்ணீருக்குள் போயின. அன்றும் அணுக் கடிகாரங்கள் சரியாகவே நடந்தன. வெள்ளத்தின் மேல் நிற்கும் உங்கள் இடத்தைக் கருவி சில மீட்டர் பிழைக்குள் சொல்லியிருக்கும். அங்கே சாலை இருக்கிறதா என்பது அதன் பாடத்தில் இல்லை.

ஆகவே, மழைக்காலத்தில் புறப்படும் முன் கருவி போட்ட வழியை முழுவதும் பெரிதாக்கிப் பாருங்கள். தென்பெண்ணையையும் கெடிலத்தையும் எந்தப் பாலத்தில் கடக்கச் சொல்கிறது என்று குறித்துக்கொண்டு, அந்தப் பக்கம் தெரிந்தவர் ஒருவரைக் கேட்டுவிடுங்கள். வரைபடத்தை முன்கூட்டியே கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். புயலில் டவர் போனாலும் இடம் தெரிவது நிற்காது. வரைபடம் இல்லாவிட்டால் வெற்றுத் திரையில் ஒரு நீலப் புள்ளி மட்டும் இருக்கும்.

நன்றி. வணக்கம்.