பிரஷருக்கு வைட்டமின் டி மருந்தாகுமா?

அவையோருக்கு வணக்கம்.

ரத்தப் பரிசோதனைத் தாளில் வைட்டமின் டி 14 என்று வருகிறது. அதே வாரம் பார்த்த பிரஷர் 160/100. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் முடிச்சுப் போடத்தான் தோன்றும். "டி குறைஞ்சதாலதான் பிரஷர் ஏறியிருக்கு, அதைச் சரி பண்ணிட்டா மாத்திரையே வேண்டாம்" என்று சொல்லித்தர அக்கம்பக்கத்தில் ஆளும் இருக்கும். அந்த முடிச்சைத்தான் இன்று அவிழ்த்துப் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஆபத்தின் கணக்கு. 61 ஆய்வுகளைத் திரட்டி, சுமார் பத்து லட்சம் பேரின் விவரத்தை அலசிய கட்டுரை ஒன்று 2002இல் லான்செட் இதழில் வந்தது. 40 முதல் 69 வயது வரை உள்ளவர்களுக்குப் பிரஷரின் மேல் எண் 20 கூடினால், பக்கவாதத்தாலோ மாரடைப்பாலோ இறக்கும் வாய்ப்பு இரட்டிப்பாகிறது. 115/75க்கு மேல் போனாலே இந்தக் கணக்கு ஆரம்பம். 120 இருந்தவருக்கு 160 ஆனால் இரண்டு முறை இரட்டிப்பு, அதாவது நாலு மடங்கு. தலை சுற்றவில்லை, தலை வலிக்கவில்லை என்பதெல்லாம் இதில் சாட்சியே கிடையாது. சிறுநீரகத்தின் வடிகட்டிகளும் விழித்திரையின் நுண்குழாய்களும் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கெடும்.

சரி, வைட்டமின் டி எப்படி இதற்குள் வந்தது? காரணமில்லாமல் வரவில்லை. பூமத்திய ரேகையை விட்டு விலக விலக மக்களின் ரத்த அழுத்தம் கூடுகிறது, குளிர்காலத்தில் ஏறிக் கோடையில் இறங்குகிறது என்பது பழைய கவனிப்பு. வெயில் குறைந்தால் தோலில் உண்டாகும் டியும் குறையும். 1998இல் ஜெர்மனியில் லேசான ரத்தக் கொதிப்பு உள்ள 18 பேரை விளக்கொளியில் வைத்துப் பார்த்தார்கள். வாரம் மூன்று முறை, ஆறு வாரம். தோலில் டியை உண்டாக்கும் புற ஊதா பி கதிர் பட்டவர்களுக்கு அழுத்தம் 6 புள்ளி குறைந்தது. ஏ கதிர் பட்டவர்களுக்குக் குறையவில்லை. 2002இல் எலிகளில் இன்னொரு துப்பு கிடைத்தது. சிறுநீரகத்தில் சுரக்கும் ரெனின்தான் ரத்தக்குழாயை இறுக்கி உப்பைத் தேக்கிவைக்கும் சங்கிலியின் முதல் கண்ணி. அந்த ரெனினை வைட்டமின் டி அடக்கிவைக்கிறது. டி வேலை செய்ய முடியாதபடி மரபணு மாற்றப்பட்ட எலிகளுக்கு ரெனினும் ஏறியது, பிரஷரும் ஏறியது. பிரஷருக்கு நீங்கள் போடும் டெல்மிசார்டான் மாத்திரை தடுப்பதும் இதே சங்கிலியைத்தான், கொஞ்சம் கீழே உள்ள கண்ணியில்.

இவ்வளவு பொருந்திவந்த பிறகு மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டியதுதானே? கொடுத்தார்கள். அமெரிக்காவில் டேலைட் என்ற ஆய்வு. டி குறைவாகவும் பிரஷர் சற்றே கூடுதலாகவும் இருந்த, அதற்கு மருந்து எடுக்காத 534 பேர். பாதிப் பேருக்குத் தினம் 4,000 யூனிட், மீதிப் பேருக்கு 400. ஆறு மாதம் கழித்து, 24 மணி நேரமும் கையிலேயே கட்டி அளக்கும் கருவியால் பார்த்தார்கள். இரு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. 2015இல் 46 சோதனைகளைச் சேர்த்து அலசியபோதும் மேல் எண், கீழ் எண் எதுவும் அசையவில்லை. வைட்டல் என்ற பெரிய ஆய்வில் 25,871 பேர், தினம் 2,000 யூனிட், ஐந்து வருடத்துக்கு மேல். மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. அதில் பலருக்கு ஏற்கெனவே டி போதுமான அளவு இருந்ததே என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. ஆனால் டேலைட்டில் குறைந்தவர்களை மட்டும்தானே எடுத்தார்கள்?

அப்படியானால் இரண்டும் ஏன் சேர்ந்தே காணப்படுகின்றன? உடல் பருமனானால் டி கொழுப்புக்குள் போய்த் தங்கிவிடும், ரத்தத்தில் அளவு குறையும். அதே பருமன் பிரஷரையும் ஏற்றும். வெளியே நடமாடாதவருக்கு வெயிலும் இல்லை, நடையும் இல்லை. வயதானால் தோலின் உற்பத்தி குறைகிறது, ரத்தக்குழாய் விறைக்கிறது. வேர் ஒன்று, கிளை இரண்டு. ஒரு கிளையை நிமிர்த்தினால் மற்றது நிமிராது. இன்னொன்றும் உண்டு. வெயில் பட்டால் தோலிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு வெளிப்பட்டு ரத்தக்குழாய் விரிகிறது என்று எடின்பரோவில் 2014இல் காட்டினார்கள். அது டியின் வேலையே அல்ல. வேடிக்கை என்னவென்றால், அதைச் செய்தது ஜெர்மனியில் தோற்ற அதே ஏ கதிர். மரபணுவை வைத்துச் செய்த சில கணக்குகளில் டிக்குச் சிறு பங்கு தெரிகிறது. இருக்கட்டும், மாத்திரையின் இடத்தை அது பிடிக்காது.

அதற்காக 14ஐ அப்படியே விடலாமா? கூடாது. எலும்புக்கும் தசைக்கும் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 20 நானோகிராமாவது வேண்டும். பிரஷர்காரர்களுக்குத் தனியாக ஒரு காரணமும் இருக்கிறது. டி மிகவும் குறைந்தால் இடுப்பு, தொடை, முதுகு என்று உடம்பெல்லாம் வலி. வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்குவது டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக். இவை உப்பையும் நீரையும் தேக்கிப் பிரஷரைச் சில புள்ளிகள் ஏற்றும். டெல்மிசார்டானுடன் நீர் பிரியும் மாத்திரையும் போடுபவர் இதையும் சேர்த்துக்கொண்டால் சிறுநீரகமே திடீரென்று படுத்துவிடலாம். டி குறைவு பிரஷரை ஏற்றும் வழிகளில் நாம் கையோடு தடுக்கக்கூடியது இந்தச் சுற்றுவழிதான். வலிக்குச் சில நாளுக்குப் பாராசிட்டமால் போதும், கரைத்துக் குடிக்கும் வகை வேண்டாம். அதில் சோடியம் நிறைய.

வெயில் விஷயம். காலை ஏழு மணி வெயிலில் நின்றால் டி கிடைக்கும் என்பது நம் ஊரின் பிடிவாதமான நம்பிக்கை. அந்நேரத்தில் பி கதிர் காற்றுமண்டலத்தைத் தாண்டி வருவதே மிகக் குறைவு. திருப்பதியில், ஏறக்குறைய சென்னையின் அட்சரேகையில், அளந்து பார்த்தபோது 11 மணிக்கும் 2 மணிக்கும் இடையில்தான் உற்பத்தி உச்சம். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் அடையாளம். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் பயனில்லை. கருத்த தோலுக்கு நேரம் கூடுதலாக வேண்டும். கை, கால், முகத்தில் படும்படி அரை மணி என்று வைத்துக்கொள்ளலாம். நீர் பிரியும் மாத்திரை போடுபவர்கள் சித்திரை உச்சி வெயிலில் போய் நிற்காதீர்கள். அழுத்தம் திடீரென்று இறங்கி மயங்கி விழ நேரும். அவர்களுக்கு மாத்திரை வழியே நல்லது.

மாத்திரை என்றால் வழக்கமாக எழுதித்தருவது 60,000 யூனிட். வாரம் ஒன்று, எட்டு வாரம், பிறகு பெரும்பாலும் மாதம் ஒன்று. கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால் நன்றாக உறிஞ்சும். பெரிய தவறு நடப்பது இங்கேதான். வாரம் ஒன்று என்பதை நாளுக்கு ஒன்று என்று படித்துவிடுகிறார்கள். நாளொன்றுக்கு 600 யூனிட் தேவைப்படும் உடம்புக்கு அது நூறு மடங்கு. ரத்தத்தில் கால்சியம் ஏறும். ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், வாந்தி, கடைசியில் மனக்குழப்பம். கால்சியம் ஏறினால் ரத்தக்குழாய் இறுகும், பிரஷரும் ஏறும். கொழுப்பில் தங்குகிற சத்து என்பதால் நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் தொல்லை நீளும்.

இன்னொரு கூட்டணியும் கவனிக்க வேண்டியது. குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைடு ஆகிய நீர் பிரியும் மாத்திரைகள் கால்சியத்தைச் சிறுநீரில் போகவிடாமல் பிடித்துவைக்கும். அதோடு கால்சியம் மாத்திரையும் அதிக டியும் சேர்ந்தால் மூன்றும் ஒரே பக்கம் இழுக்கும். டெல்மிசார்டான் பெயருக்குப் பின்னால் ஹெச் அல்லது சிடி என்று ஒட்டியிருந்தால் இந்த வகை மருந்து அதற்குள் இருக்கக்கூடும். அட்டையின் பின்பக்கம் படித்துவிடுங்கள். டி தொடங்கும் முன்னும், இரண்டு மூன்று மாதம் கழித்தும் கால்சியத்தையும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். டிகாக்சின் என்ற இதய மருந்து எடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், கால்சியம் ஏறினால் இதயத்துடிப்பு தாறுமாறாகும்.

இனி அளப்பது. அளவே தப்பென்றால் மேலே பேசியதெல்லாம் வீண். சிறுநீர் கழித்துவிட்டு, காபி குடித்து அரை மணி ஆன பிறகு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை மேசைமேல், கருவியின் கைப்பட்டை நெஞ்சு மட்டத்தில். கையை மடியில் வைத்தால் மேல் எண் சுமார் 4 கூடுதலாகக் காட்டும், பக்கத்தில் தொங்கவிட்டால் 6க்கு மேல். பருத்த கைக்குச் சாதாரணப் பட்டையைச் சுற்றினால் 20 புள்ளிகூடத் தவறலாம். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என ஏழு நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரியைப் பாருங்கள். வீட்டில் 135/85ஐத் தொட்டால் ரத்தக் கொதிப்புதான்.

பிரஷரை உண்மையிலேயே இறக்குவது உப்புக் குறைப்பு. ஒருவருக்கு நாளுக்கு 5 கிராம், தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். பிரித்த தேதியைப் பாக்கெட்டிலேயே எழுதிவையுங்கள். 25 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 10 கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் வெளியிலிருந்து வந்தால் அது இந்தக் கணக்கில் வராத உப்பு. இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், அதில் ஏமாறாதீர்கள். சீனாவின் 600 கிராமங்களில், 20,995 பேரிடம், கால்பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்ததில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது என்று 2021இல் வெளியானது. நம் கடைகளில் குறைந்த சோடியம் உப்பு என்று விற்பதும் இந்த வகைதான். ஆனால் சிறுநீரகம் பழுதுபட்டவர்களும் பொட்டாசியத்தைத் தேக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை எடுப்பவர்களும் அதைத் தொட வேண்டாம். டெல்மிசார்டான் எடுப்பவர்கள் ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்த்து, மருத்துவரைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள். மாற்றிய சில வாரத்தில் பொட்டாசியத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டும்.