கொய்யா விதைக்குப் பயப்பட வேண்டாம்

நேயர்களுக்கு வணக்கம்.

குடல் நோய்களைப் பார்க்கும் மருத்துவராக இருப்பதால், மற்றவர்களிடம் சொல்லக் கூச்சப்படும் விஷயங்களை என்னிடம் தயங்கித் தயங்கிச் சொல்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். அப்படி வந்தவர்களில் ஓர் அம்மா. 65 வயது, பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மஞ்சள் பையிலிருந்து ஒரு கொலோனோஸ்கோபி, அதாவது பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் சோதனையின், ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார். பிரித்துப் பிரித்து மடித்ததில் மடிப்பெல்லாம் கிழியும் நிலைக்கு வந்திருந்தது. ‘டைவர்டிகுலோசிஸ்’ என்ற சொல்லுக்குக் கீழே பேனாவால் இரண்டு கோடு.

“குடல்ல ஓட்டை விழுந்திருக்காம் டாக்டர். விதை போய் மாட்டிக்கிட்டா வெடிச்சிரும்னு சொன்னாங்க” என்றார்.

இரண்டு வருடமாக அந்த வீட்டில் தக்காளியைப் பிழிந்து வடிகட்டித்தான் ரசம். கொய்யா கிடையாது, கத்தரிக்காய் கிடையாது, எள்ளுருண்டை கிடையாது. விதைப் பயம் கீரைக்கும் பயறுக்கும் பரவி, கடைசியில் குழைந்த சோறும் இட்லியும்தான் சாப்பாடு. அதனால் கடுமையான மலச்சிக்கல் வந்துவிட்டது. அதற்குத்தான் என்னிடம் வந்திருந்தார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அது ஓட்டை இல்லை. சைக்கிள் டயரில் வெடிப்பு விட்ட இடத்தில் உள்ளே இருக்கும் டியூப் மொட்டு மாதிரி பிதுங்கி நிற்குமே, பார்த்திருப்பீர்கள். பெருங்குடலிலும் அதேதான் நடக்கிறது. குடல் சுவரின் தசைக்குள் ரத்தக் குழாய் நுழையும் இடம் கொஞ்சம் பலவீனமாக இருக்கும். வருடக்கணக்கான அழுத்தத்தில் உள்பக்கத்துச் சவ்வு அந்த வழியாக வெளியே தள்ளிக்கொண்டு, சிறு பையாக நின்றுவிடுகிறது. இப்படிப் பைகள் இருப்பதைத்தான் டைவர்டிகுலோசிஸ் என்கிறோம். பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். ஒருவருக்கு ஒன்றிரண்டும் இருக்கலாம், பல டஜனும் இருக்கலாம்.

மேற்கு நாடுகளில் 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இந்தப் பைகள் உண்டு. அவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்க ஒரு தொந்தரவும் வருவதில்லை. வேறு எதற்காகவோ சோதனை செய்யும்போது தற்செயலாகத் தெரியவரும். இந்தப் பை புற்றுநோயாக மாறுவதில்லை.

1971-ல் பெயின்டர், பர்கிட் என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள், நார்ச்சத்து குறைந்த மேற்கத்திய உணவுதான் இதற்குக் காரணம் என்று எழுதினார்கள். பர்கிட் உகாண்டாவில் பல வருடம் வேலை செய்தவர், அங்கே இந்த நோயை அபூர்வமாகத்தான் பார்த்திருந்தார். இன்று நாங்கள் உணவை மட்டும் காரணமாகச் சொல்வதில்லை. வயது, பரம்பரை, உடல் பருமன், புகைபிடிப்பது எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு.

சரி, விதைக்கு வருவோம். நாங்கள் மாணவர்களாக இருந்தபோது எங்களுக்கும் அப்படித்தான் சொல்லித்தந்தார்கள். அது ஊகம்தான், யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. பிறகு அமெரிக்காவில் 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களை 18 வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். முடிவு 2008-ல் வெளிவந்தது. கொட்டைப் பருப்பும் சோளப்பொரியும் அதிகம் சாப்பிட்டவர்களுக்குப் பையில் அழற்சி, அதாவது வீங்கிப் புண்ணாவது, கூடவில்லை, குறைவாகவே வந்திருந்தது. அதனால் கொய்யாவை விதையோடு சாப்பிடுங்கள். எள்ளையும் வேர்க்கடலையையும் ஒதுக்க வேண்டியதில்லை.

கேழ்வரகு, கம்பு, சுண்டல், வாழைத்தண்டு, முருங்கைக்கீரை இவையெல்லாம் நம் சமையலறையில் ஏற்கெனவே இருப்பவைதான். ஆனால் இன்று கேட்டுவிட்டு நாளையே எல்லாவற்றையும் தட்டில் குவிக்காதீர்கள். வயிறு உப்பி, வாயு தொல்லை தந்து, மூன்றாம் நாளே விட்டுவிடுவீர்கள். அந்த அம்மாவுக்கு வாரம் ஒன்றாகத்தான் சேர்க்கச் சொன்னேன். முதல் வாரம் மதியம் ஒரு கிண்ணம் கீரை மட்டும். நார்ச்சத்து கூடினால் தண்ணீரும் கூட வேண்டும், இல்லையென்றால் சிக்கல் இன்னும் இறுகும். மலச்சிக்கலுக்கு இசப்கோல் என்ற நார்ச்சத்து உமியை எடுப்பவர்கள் ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடித்துவிட வேண்டும். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தண்ணீர் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தினமும் நடப்பதும் குடலுக்கு நல்லது.

விதையைவிட நான் கவலைப்படுவது முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் மாத்திரைகளைப் பற்றி. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் இந்தப் பைகளில் அழற்சியும் ரத்தக்கசிவும் வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. பை இருப்பதாகத் தெரிந்தவர்கள் அதைச் சொல்லிவிட்டு மாத்திரை கேளுங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

பையில் அழற்சி வந்தால் வலி விடாமல் இருந்துகொண்டே இருக்கும், காய்ச்சலும் சேரலாம். பெரும்பாலும் அடிவயிற்றின் இடதுபக்கம்தான் வலிக்கும். ஆனால் ஆசியர்களுக்குப் பைகள் வலதுபக்கக் குடலில் வருவது அதிகம், அப்போது குடல்வால் வலி மாதிரியே தோன்றும். சிடி ஸ்கேன் எடுத்தால் தெளிவாகிவிடும். அந்த நேரத்தில் கொலோனோஸ்கோபி செய்வதில்லை, ஆறேழு வாரம் குடல் ஆறிய பிறகுதான். லேசான அழற்சிக்கு ஆன்டிபயாடிக்கூட எல்லோருக்கும் தேவைப்படாது. சில நாள் கஞ்சித் தண்ணீர் போன்ற நீராகாரம், அப்புறம் மெதுவாகப் பழைய சாப்பாடு. வலி இருக்கும்போது வயிற்றைச் சுத்தம் செய்கிறேன் என்று பேதி மருந்து மட்டும் சாப்பிட்டுவிடாதீர்கள்.

ரத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பை பிதுங்கும்போது ரத்தக் குழாய் அதன் மேல் இழுபட்டுக் கிடக்கும். அது கசிந்தால் வலியே இல்லாமல், திடீரென்று, நிறைய ரத்தம் போகும். பெரும்பாலும் தானாக நின்றுவிடும். நின்றுவிட்டதே, மூல நோயாகத்தான் இருக்கும் என்று பலர் வீட்டில் சொல்லாமலே இருந்துவிடுகிறார்கள். எத்தனையோ பேர் அப்படி மாதக்கணக்கில் மறைத்து வைத்ததைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன். பை ஏற்கெனவே இருந்தாலும் ரத்தம் அதிலிருந்துதான் வருகிறதா, குடலில் கட்டி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஆக வேண்டும்.

கிளம்பும்போது அந்த அம்மா கேட்டார்: “இதெல்லாம் சாப்பிட்டா அந்தப் பை மறைஞ்சிடுமா டாக்டர்?” மறையாது என்று உண்மையைச் சொன்னேன். வந்த பை அங்கேயேதான் இருக்கும், அழற்சியும் கசிவும் வரும் வாய்ப்பைத்தான் குறைக்க முடியும். ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் தமிழில் நான்கு வரி எழுதிக் கொடுத்தேன். குறையாத வயிற்று வலியோடு காய்ச்சல், வயிறு பலகை மாதிரி இறுகுவது, சாப்பிட்டது நிற்காமல் வாந்தி, மலத்தில் ரத்தம். இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றேன். உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன்.

நன்றி, வணக்கம்.