தூசியைக் கிளப்புவது காற்று மட்டும் இல்லை! சயனைடு மேட்டை வைக்கோலால் அடக்க முடியுமா?

வணக்கம் மக்களே! கிருஷ்ணகிரிக்கு வடக்கே, நேர்கோட்டில் சுமார் 50 கிலோமீட்டரில் கோலார் தங்கவயல். நம் பக்கத்து ஆட்கள் தலைமுறை தலைமுறையாக வேலைக்குப் போன ஊர். அங்கே 3 கோடி டன்னுக்கும் மேல் சயனைடு மண் மேடு மேடாகக் கிடக்கிறது. காற்றுக் காலம் வந்தால் கதவைச் சாத்தினாலும் அந்தத் தூசி வீட்டுக்குள் வந்துவிடும்.

பின்னணி சுருக்கமாக: தங்கத் தாதுவை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தபின் மிஞ்சியது இந்த மண். சுரங்கத்தை 2001-ல் மூடிவிட்டார்கள்.

[திரையில்: மேட்டின் பரப்பு, மிக அருகில்]

இப்போ இதைக் கவனியுங்கள். மிக நுண்ணிய தூசி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். காற்று மட்டும் அதை லேசில் பெயர்க்காது. பெயர்ப்பது அதைவிடப் பெரிய மணல். அரை மில்லிமீட்டருக்கும் சிறிய மணல் துகள் காற்றில் எகிறி, கோலி குண்டு மாதிரி வந்து விழுந்து அடிக்கும். அந்த அடியில்தான் தூசி கிளம்புகிறது. அதனால் மணல் துள்ளுவதை நிறுத்தினாலே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி!

தண்ணீர் தெளிக்கலாம், சித்திரை வெயிலில் மதியத்துக்குள் காய்ந்துவிடும். சீனாவில் என்ன செய்தார்கள் தெரியுமா? டெங்கர் பாலைவனத்தில் ரயில் பாதையை மணல் மூடாமல் இருக்க, 1950-களிலேயே கோதுமை வைக்கோலை 1 மீட்டருக்கு 1 மீட்டர் கட்டம் கட்டமாக மணலில் பாதி புதைத்து நட்டார்கள். மேலே தெரிவது ஒரு சாண் உயரம்தான். தரையோரம் காற்றின் வேகம் குறைந்து, மணல் அடங்கிவிட்டது. கட்டத்துக்குள் செடி வைத்தார்கள். வைக்கோல் மக்குவதற்குள் செடி வேர் பிடித்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த தொழில்நுட்பம் இது.

நம் ஊரில் ராகித் தாளை நட்டால் மாடு விடாது. கரும்புச் சோகை, தென்னை நார் வைத்துப் பார்க்கலாம் என்பது என் கருத்து.

சரி, செடி? அந்த மண்ணில் தழைச்சத்தும் இல்லை, மக்கும் இல்லை. கந்தகத் தாது கலந்திருந்தால் காற்றும் நீரும் பட்டு அமிலமாகும். சுண்ணாம்பு போட வேண்டும். அப்புறம் தொழு உரம். வெட்டிவேர் இதற்குக் கெட்டிக்காரப் புல்: அமிலத்தையும் ஆர்சனிக் என்ற நஞ்சையும் தாங்கும், வேர் 3 மீட்டர் கூட இறங்கும். ஆனால் கழிவு மேட்டில் முளைத்த எதையும் ஆடுமாடு மேயவிடாதீர்கள். வேலி கட்டாயம்.

நம் மாவட்டக் குவாரி, கிரஷர் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களே, உங்கள் மரத்து இலை வெளுத்துக் கிடப்பது எனக்குத் தெரியும். கிரஷர் தூசியில் சயனைடு கிடையாது, அதனால் அங்கே செடி வளர்ப்பது இன்னும் சுலபம். செய்யாமல் இருக்க ஒரு காரணமும் இல்லை!

உங்கள் ஊர்க் குவாரிக் கழிவு மேட்டில் யாரும் நடாமல் தானாக முளைத்திருக்கும் செடி எது? ஆவாரையா, எருக்கா, வேறு ஏதாவதா? போட்டோ எடுத்து கமெண்டில் போடுங்கள். நடவுக்கு முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது அதைத்தான்.